உயரம் வந்தாச்சு, உடம்பு எங்கே?

ஒல்லியான விடலைப் பையன்களைக் குறிவைத்துப் பவுடர் டப்பாக்களும் ஊசிகளும் காத்திருக்கின்றன. உடம்பு தேறுவதற்கான உண்மையான வழியைச் சொல்லும் ஆய்வகமும் அதே ஹைதராபாதில்தான் இருக்கிறது. அதன் பூர்வீகம் நம்ம குன்னூர்.

ஹைதராபாத் அமீர்பேட்டையில் ஒரு மாலை நேரம் நின்று அண்ணாந்து பார்த்தால், நகரத்து இளைஞனின் இரண்டு கவலைகளும் போர்டு போர்டாகத் தொங்கும். ஒரு மாடியில் கோச்சிங் சென்டர். இன்னொரு மாடியில் ஜிம். கீழே கடையில் புரோட்டீன் பவுடர் டப்பாக்கள். டப்பாவின் மேல், கழுத்தையே தசை விழுங்கிவிட்ட ஒரு மனிதரின் படம்.

அந்தப் படத்தை ஏக்கத்துடன் பார்க்கும் பையனை எல்லோருக்கும் தெரியும். வயது 17. உயரம் 180 செ.மீ. எடை 57 கிலோ. போன வருடம் எடுத்த பேன்ட் கணுக்காலுக்கு மேல் நிற்கிறது. நண்பர்கள் வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. கல்யாண வீட்டுக்குப் போனால் அத்தைமார்களின் முதல் கேள்வி: "வீட்டில சோறு போடறாங்களா இல்லையா?" பையன் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறான். அன்றிரவு கண்ணாடி முன் நின்று சட்டையைக் கழற்றிப் பார்த்து, மறுநாள் அப்பாவிடம் ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிறான். டப்பாவுக்கு.

கேலியாகத் தோன்றும் இந்த விஷயத்தில் பணயமாக இருப்பது ஒரு பையனின் உடம்பு. சில சமயம் அவனது உயிர்.

எலும்பு முன்னே, தசை பின்னே

முதலில் ஓர் ஆறுதல். ஆண்பிள்ளைகளின் உடல் ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் வளர்வதில்லை. எலும்பு முதலில் ஓடுகிறது. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் வருடத்தில் 9, 10 செ.மீ. கூட உயரலாம். எடை சில மாதங்கள் கழித்துத்தான் அந்த உயரத்தை எட்டிப் பிடிக்கிறது. தசையின் பலம் அதற்கும் பிறகு. அப்பாவும் மாமாவும் இருபது வயது வரை நோஞ்சானாக இருந்து பிறகு தேறியவர்கள் என்றால், பையனும் அதே தடத்தில் போகிறான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நெட்டையானவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கை கால்களின் நீளம் அதிகம் என்பதால், புதிதாகச் சேரும் தசை அந்த நீளம் முழுவதும் பரவிவிடுகிறது. குட்டையான நண்பனுக்கு இரண்டு கிலோ கூடினால் தோளில் தெரியும். நெட்டையனுக்கு நான்கு கிலோ கூடினாலும் சட்டை மட்டும்தான் கண்டுபிடிக்கும். பயிற்சி பலிக்கவில்லை என்று முடிவுகட்டி, குறுக்கு வழி தேடுவது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

குன்னூர் எலிகள்

அமீர்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய தார்நாக்காவில் இருக்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இந்தியர்கள் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. 1918ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவாக ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் தொடங்கியது இது. 1958ல் ஹைதராபாதுக்கு இடம் பெயர்ந்தது. இப்போதைய பெயர் 1969ல் கிடைத்தது.

குன்னூரில் மெக்காரிசன் செய்த ஒரு சோதனை தமிழர்களைக் கொஞ்சம் சங்கடப்படுத்தும். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் அன்று சாப்பிட்ட உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர்களின் சாப்பாட்டைச் சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்து முதலிடம் பிடித்தன. அடுத்து பட்டாணியர், மராட்டியர் சாப்பாட்டு எலிகள். கடைசி இடம் மெட்ராஸ் சாப்பாட்டுக்கு.

தீட்டிக் கழுவிய வெள்ளை அரிசி தட்டை நிறைக்க, பாலும் பருப்பும் காயும் பெயருக்குத் தொட்டுக்கொண்ட ஏழைச் சாப்பாடு அது. அரிசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. அதைச் சுற்றி எதுவுமே இல்லாமல் போனதுதான் குற்றம். தட்டில் ரசம் சாதமும் ஊறுகாயும் மட்டுமே வைத்துக்கொண்டு "நானும் மூன்று வேளை சாப்பிடுகிறேன்" என்று சொல்லும் பையன் இன்றும் அந்தக் கடைசிக் கூட்டத்தில்தான் இருக்கிறான்.

சேலத்துக்காரரின் கணக்கு

நிறுவனத்தின் கதையில் அடுத்து வருபவர் டாக்டர் சி. கோபாலன். நிறுவனம் பிறந்த அதே 1918ல் சேலத்தில் பிறந்தவர். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அதன் இயக்குனர். நூறு வயது வாழ்ந்து 2019ல் மறைந்தார்.

அவர் இயக்குனராக இருந்த காலத்தில் உலகமே புரோட்டீன் பயத்தில் இருந்தது. ஏழை நாடுகளில் புரோட்டீன் நெருக்கடி வரப்போகிறது என்று 1968ல் ஐ.நா. அறிக்கையே வெளிவந்தது. புரோட்டீன் மாவு தயாரிக்கும் திட்டங்கள் முளைத்தன. கோபாலன் மறுத்தார். இந்தியக் குழந்தைகளின் தட்டில் முதல் பற்றாக்குறை கலோரிதான், வழக்கமான தானியமும் பருப்பும் கலந்த உணவையே வயிறு நிறையக் கொடுத்தால் புரோட்டீன் குறையின் பெரும்பகுதி தானே தீர்ந்துவிடும் என்பது அவர் வாதம். புள்ளியியல் நிபுணர் பி.வி. சுகாத்மேயும் இதே கட்சி. கடைசியில் உலகம் இவர்கள் பக்கம் வந்தது.

வறுமையில் வாடிய குழந்தைகளுக்காகப் போட்ட இந்தக் கணக்கு, வசதியான வீட்டு ஒல்லிப் பையனுக்கும் அப்படியே பொருந்துகிறது. உடம்புக்கு முதல் தேவை எரிபொருள். அது போதாதபோது, விலை கொடுத்து வாங்கிய புரோட்டீனையும் உடம்பு விறகாக எரித்துவிடுகிறது. தேக்கு மரத்தை வாங்கி அடுப்பில் வைக்கிற கதை.

எவ்வளவு எரிபொருள் வேண்டும்? நிறுவனம் 2020ல் வெளியிட்ட கணக்கின்படி, நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரி. ஓரளவு ஓடியாடும் 16 முதல் 18 வயதுப் பையனுக்கு 3,320. அதாவது அப்பாவைவிட மகன் ஒன்றரை மடங்கு சாப்பிட வேண்டும். நடப்பது வேறு. இன்டர்மீடியட் மாணவன் காலை டிபனைத் தவறவிட்டு வகுப்புக்கு ஓடுகிறான். மத்தியானம் டப்பாவில் ஆறிப்போன சோறு. மாலையில் ஒரு பப்ஸ், ஒரு குளிர்பானம். நள்ளிரவு வரை படிப்பு. "நான் எவ்வளவோ சாப்பிடுகிறேன், உடம்பில் ஒட்டவில்லை" என்று சொல்பவர்களில் பலரும் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் துண்டு விழுவது எங்கே என்று தெரிந்துவிடும்.

மளிகைக் கடையே மருந்துக்கடை

வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினம் 300 முதல் 500 கலோரி கூடினால் போதும். ஒரு பெரிய தம்ளர் எருமைப் பாலில் சுமார் 250. இரண்டு வாழைப்பழத்தில் 200. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 170. கணக்கு அங்கேயே தாண்டிவிட்டது. வயிறு சிறியது என்பவர்கள் மூன்று வேளையை ஐந்தாகப் பிரிக்கலாம். சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய் கூட்டலாம். சாப்பாட்டுக்கு முன் தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பாமல் இருக்கலாம்.

புரோட்டீன்? இந்த வயதுக்கு நாளொன்றுக்கு சுமார் 55 கிராம் என்கிறது நிறுவனம். எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. 57 கிலோ பையனுக்கு 90 கிராம். டப்பா இல்லாமல் இதை எட்ட முடியுமா? அரை லிட்டர் பாலில் 16. மூன்று முட்டையில் 18. 75 கிராம் பருப்பில் 17. 50 கிராம் வேர்க்கடலையில் 12. ஒரு கிண்ணம் தயிரில் 6. நாள் முழுக்கச் சாப்பிடும் அரிசி, கோதுமையில் 30. ஆக 99. முட்டை சாப்பிடாத வீடென்றால் 40 கிராம் சோயா உருண்டை அந்த 18ஐ ஈடுகட்டிவிடும்.

ஹைதராபாதுக்கு இந்தச் சூத்திரம் புதிதல்ல. உடைத்த கோதுமை, இறைச்சி, பருப்பு, நெய் எல்லாவற்றையும் மணிக்கணக்கில் வேகவைத்து மரக்கட்டையால் இடித்துச் செய்யும் ஹலீம், ஒரே கிண்ணத்தில் அத்தனையையும் தருகிறது. பகலெல்லாம் நோன்பிருப்பவர்களுக்கு இழந்த தெம்பைத் திருப்பித் தரும் உணவு. 2010ல் சென்னையில் உள்ள பதிவகம் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கியது. பழைய நகரத்துப் பயில்வான்கள் பாலையும் பாதாமையும் நெய்யையும் நம்பித்தான் தாலீம்கானா மண்ணில் இறங்கினார்கள்.

மே 2024ல் நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடம்பை ஏற்றப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. காரணம்: சேர்க்கப்படும் சர்க்கரை, செயற்கை இனிப்பு, நீண்ட காலம் அளவுக்கு மிஞ்சினால் எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் வரக்கூடிய பாதிப்பு. சந்தேகம் இருப்பவர்கள் அதே ஆண்டு கேரளத்து டாக்டர் ஒருவரின் தலைமையில் வந்த ஆய்வைப் பார்க்கலாம். இந்தியாவில் விற்கும் 36 பவுடர்களைச் சோதித்ததில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிள் சொன்ன புரோட்டீன் அளவு சரியாக இல்லை. 14 சதவீதத்தில் பூஞ்சை நஞ்சு.

தண்டாலும் பஸ்கியும்

சாப்பாடு மட்டும் கூடினால் தொப்பைதான் வரும். அதைத் தசையாக மாற்றும்படி உடம்புக்கு உத்தரவு போடுவது உடற்பயிற்சி. எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. தெரிந்தவர் பக்கத்தில் நின்று முறையைத் திருத்தினால் விடலைகளும் தூக்கலாம். நம் தாத்தாக்கள் செய்த தண்டாலும் பஸ்கியுமே நல்ல தொடக்கம். ஜிம்முக்குப் போனால் கண்ணாடி முன் புஜத்தை மட்டும் முறுக்காமல், கால், முதுகு, மார்பு என்று பெரிய தசைகளை வேலை வாங்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் போதும். மெல்ல மெல்லப் பளுவைக் கூட்டிக்கொண்டே போவதுதான் சூட்சுமம். முதல் சில வாரங்களில் பலம் கூடும், அளவு கூடாது. நரம்புகள் தசையை ஏவக் கற்றுக்கொள்ளும் காலம் அது. தசை வளர்வது ஓய்வில். எனவே எட்டு மணி நேரத் தூக்கமும் பயிற்சியின் ஒரு பகுதி.

உயரமான ஒல்லி உடம்பு என்னவாக முடியும் என்பதற்கு ஊரிலேயே சாட்சி உண்டு. 179 செ.மீ. உயரமுள்ள பி.வி. சிந்து 2013ல் உலக பாட்மின்டனில் வெண்கலம் வென்றபோது 18 வயது மெலிந்த பெண். 2017 இறுதி ஆட்டத்தில் ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவிடம் 110 நிமிடம் போராடித் தோற்றார். பிறகு ஜிம்மில் கடுமையாகப் பாடுபட்டார். 2019 பாசல் இறுதி ஆட்டத்தில் அதே ஒகுஹாராவை 21-7, 21-7 என்று நாற்பது நிமிடத்துக்குள் வீழ்த்தினார். இரண்டு ஆட்டங்களுக்கும் இடையே இரண்டு வருடம். நாற்பது நாளில் உடம்பு என்று போர்டு வைப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

ஊசியின் விலை

பொறுமை இழந்தவர்களுக்காக ஜிம்களின் பின்வாசலில் வேறொரு வியாபாரம் நடக்கிறது. ஆபரேஷனின்போது இறங்கிவிடும் ரத்த அழுத்தத்தை நிமிர்த்தப் பயன்படும் மெஃபென்டெர்மின் ஊசி மருந்தை, ஜிம்முக்கு வரும் இளைஞர்களுக்குத் திருட்டுத்தனமாக விற்றவர்களை ஹைதராபாதில் அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். களைப்புத் தெரியாமல் பளு தூக்கலாம் என்பது கவர்ச்சி. தாறுமாறாக ஓடும் இதயம் அதன் விலை.

ஸ்டீராய்டு இன்னும் கொடுமை. வளரும் வயதில் அது எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை முன்கூட்டியே மூடிவிடுகிறது. வரவேண்டிய உயரம் வராமலே போய்விடும். விதை சுருங்குவது, மார்பு பெண்களைப் போலப் பெருப்பது, கல்லீரலும் இதயமும் கெடுவது என்று பட்டியல் நீளும். ஆண்மைக்காகப் போட்ட ஊசி ஆண்மையையே கேட்கிறது. இதை வெளியே சொல்லவும் வெட்கம், டாக்டரிடம் போகவும் வெட்கம்.

ஆனால் சில நேரங்களில் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். நன்றாக இருந்த எடை திடீரென்று குறைந்தால், அடிக்கடி தாகமும் சிறுநீரும் என்றால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ மாலைக் காய்ச்சலோ என்றால், ஓயாத வயிற்றுப்போக்கு என்றால், அது சர்க்கரை நோயாகவோ காசநோயாகவோ தைராய்டு கோளாறாகவோ இருக்கலாம். எந்தப் பவுடரும் அதைத் தீர்க்காது. சாப்பிடவே பிடிக்காமல் அறைக்குள் சுருண்டு கிடக்கிறான் என்றால் மனதையும் கவனிக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு, வாரத்துக்கு கால் கிலோ கூடினால் அதுவே நல்ல பலன். ஆறு மாதத்தில் ஆறு கிலோ. பேன்ட்டுக்குப் பெல்ட் தேவைப்படாத நாள் சத்தமில்லாமல் ஒரு காலையில் வரும்.

யோசித்துப் பார்த்தால் கல்யாண வீட்டு அத்தை கேட்டது தப்பான கேள்வியல்ல, பாதிக் கேள்வி. குன்னூரிலிருந்து தார்நாக்கா வரை நூறு வருடத்துக்கு மேலாக விஞ்ஞானமும் அதைத்தான் கேட்டு வருகிறது. கூட ஒரு வரி சேர்த்து: சோறு போடுகிறார்களா, சோற்றோடு வேறென்ன போடுகிறார்கள்?