வலி போயிற்று, தசை வந்ததா?

மாலையில் கணினியை அணைத்துவிட்டு எழும்போது கை தானாகவே பின்கழுத்துக்குப் போகிறது. கல்லாய் இறுகிக் கிடக்கும் தசையை அமுக்கிவிடுகிறோம்; தைலம் தேய்க்கிறோம். இரண்டு நாள் சுகமாக இருக்கும். மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே வலி. இறுகிய தசை வலிப்பதால் அதைக் கவனிக்கிறோம். அதற்கு எதிரே சோர்ந்து கிடக்கும் தசை வலிப்பதில்லை. அதனால் அதை யாரும் தேடுவதில்லை.

பந்தல்காலை நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டி நிறுத்துவார்கள். முதுகெலும்பையும் அப்படித்தான் தசைகள் நிறுத்திவைத்திருக்கின்றன. ஒரு பக்கக் கயிறு குறுகி, எதிர்ப்பக்கம் தளர்ந்தால் பாரம் போகக்கூடாத மூட்டுக்குப் போகிறது.

இதை வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர் பிராகா நகரின் நரம்பியல் மருத்துவர் விளாடிமிர் யாண்டா (1928–2002). 15 வயதில் அவரையே இளம்பிள்ளைவாதம் தாக்கியது. நாள்பட்ட வலியோடு வந்தவர்களிடம் குறிப்பிட்ட சில தசைகள் இறுகுவதையும் வேறு சில தளர்வதையும் அவர் திரும்பத் திரும்பக் கண்டார். பின்கழுத்தும் மார்பும் இறுகும். முன்கழுத்தின் ஆழத்தில் உள்ள தசைகளும் தோள்பட்டையைக் கீழிருந்து பிடித்திருப்பவையும் தளரும். பக்கவாட்டில் நின்று பார்த்து, இறுகியவற்றை ஒரு கோட்டாலும் தளர்ந்தவற்றை இன்னொரு கோட்டாலும் இணைத்தால் பெருக்கல் குறி கிடைக்கும். இடுப்பிலும் இதே குறிதான்: தொடையைத் தூக்கும் தசையும் கீழ்முதுகும் இறுக, வயிறும் பிட்டமும் தளர்கின்றன.

முழங்கையை மடக்கும் தசை சுருங்கும்போது, நீட்டும் தசையை நரம்பு மண்டலமே அடக்கிவைக்கிறது. இந்த ஏற்பாட்டை விளக்கியவர் 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட சார்லஸ் ஷெரிங்டன். ஓயாமல் இறுகியிருக்கும் தசை தன் எதிராளியை ஓயாமல் அடக்கும் என்று யாண்டா கருதினார். அதனால் முதலில் இறுக்கத்தைத் தளர்த்தி, பிறகே பலவீனமானதை வலுப்படுத்தச் சொன்னார்.

ஆனால் கூன் விழுந்த எல்லோருக்கும் வலி இல்லை. நிமிர்ந்து நடப்பவர்களும் வலியோடு வருகிறார்கள். தசைச் சமநிலை குலைவதால் வலி வரலாம். வலியே தசையைக் குலைக்கவும் செய்யும். இந்த இரண்டாவது வழியைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

ஆஸ்திரேலியாவின் ஜூலி ஹைட்ஸும் சக ஆய்வாளர்களும் முதல்முறையாக முதுகுவலி கண்ட 39 பேரை ஆராய்ந்து 1996இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதுகெலும்பை ஒட்டி, கணுக்கணுவாகப் பிடித்திருக்கும் மல்ட்டிஃபிடஸ் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்தார்கள். வலித்த பக்கத்தில் அது சிறுத்திருந்தது. நான்கு வாரத்தில் அநேகமாக எல்லோருக்கும் வலி போய்விட்டது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கோ பத்து வாரம் கழித்தும் தசை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அதற்கென்றே பயிற்சி செய்தவர்களுக்குத் திரும்பியது. பின்னர் அவர்கள் வெளியிட்ட தொடர் ஆய்வின்படி, ஓராண்டுக்குள் முதல் குழுவில் 84 சதவீதம் பேருக்கு வலி மறுபடி வந்தது. பயிற்சிக் குழுவில் 30 சதவீதம். சிறிய ஆய்வுதான், இந்த எண்களை எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனாலும் வலி நின்ற அன்றே பிசியோதெரபியையும் நிறுத்திவிடும் நம் பழக்கத்தை நினைக்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

அந்தப் பயிற்சியில் எடை தூக்குவது கிடையாது. முதுகை அசைக்காமல் அந்தத் தசையை மெதுவாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். அது உண்மையில் இறுகுகிறதா என்று அல்ட்ராசவுண்ட் திரையில் பயிற்சி செய்தவர்களே பார்த்துப் பார்த்துப் பழகினார்கள்.