வான்தொலைவு – 9: மண்டகள்ளியிலிருந்து எவ்வளவு நேரம்?

ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே உள்ள இரண்டு விமான நிலையங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். நார்வேயின் டிராம்சோவுக்கும் ஸ்வால்பார்டின் லாங்இயர்பியனுக்கும் இடையே சுமார் 960 கிலோமீட்டர். ஜெட் விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். நடுவே கடல். அங்கே விமானத்துக்குப் போட்டியாகச் சாலையும் இல்லை, ரயிலும் இல்லை.

மைசூரில் இரண்டும் உண்டு. அதனால் கணக்கு வேறு.

நஞ்சன்கூடு சாலையில் நகரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் போனால் மண்டகள்ளி விமான நிலையம். 1940களில் மைசூர் சமஸ்தானம் அமைத்தது. 2010இல் புதுப்பித்துத் திறந்தார்கள். ஓடுபாதை 1,740 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானங்கள் முழுப் பாரத்தோடு ஏறி இறங்க அது பற்றாது. ஆகவே இங்கே வருவது பெரும்பாலும் ஏடிஆர் 72. பயணிகள் நடந்தே போய் வால்பக்கப் படியில் ஏறுவார்கள். முன்பக்கக் கதவு வழியாகப் பெட்டிகள் ஏறும்.

மண்டகள்ளியிலிருந்து பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 155 கிலோமீட்டர். ஏடிஆர் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் இருபது நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த வேகத்தை எட்டிய கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கவேண்டும். தரையில் ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, சுற்றி வந்து இறங்குவது எல்லாம் சேர்ந்து முக்கால் மணி, ஒரு மணி ஆகிவிடும். தொலைவு குறையக் குறைய இந்தச் சில்லறை நேரம்தான் பயணத்தையே விழுங்குகிறது.

2023 மார்ச்சில் பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலை திறந்தபின், பெங்களூர் நகருக்குள் வேலை உள்ளவருக்கு விமானம் தேவையே இல்லை. ஆனால் டெல்லிக்கோ துபாய்க்கோ விமானம் மாற வேண்டியவர் பாடு அப்படியல்ல. தேவனஹள்ளி நகருக்கு வடக்கே, மைசூர் தென்மேற்கே. கே.எஸ்.ஆர்.டி.சி. ஃப்ளைபஸ்ஸில் ஏறினால் நான்கு மணி நேரம் போல ஆகிறது. இவர்களுக்குத்தான் அந்தக் குட்டிப் பறப்பு உண்மையில் உதவியது. 2010இல் கிங்ஃபிஷர், 2019இல் அலையன்ஸ் ஏர் எனப் பெங்களூர் சேவை தொடங்குவதும் நிற்பதுமாகவே இருந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

சென்னைக்கு என்றால் விமானமே மேல். நேர்கோட்டில் சுமார் 390 கிலோமீட்டர், ஏடிஆரில் ஒன்றரை மணிக்குள். 2022 நவம்பரில் வந்த வந்தே பாரத் ரயிலுக்கு ஆறரை மணி. முன்கூட்டியே போய்க் காத்திருக்கும் நேரத்தையும் மீனம்பாக்கத்திலிருந்து வீடு சேரும் நேரத்தையும் சேர்த்தாலும் விமானத்தில் இரண்டு மணி நேரமாவது மிச்சம்.

இன்னும் தூரத்து ஊர்களுக்கு நேரடியாகப் பறக்க ஜெட் வேண்டும். ஜெட்டுக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். அதை 2,750 மீட்டராக நீட்டத் திட்டம் இருக்கிறது. குறுக்கே நிற்பவை நஞ்சன்கூடு நெடுஞ்சாலையும் சாமராஜநகர் ரயில் பாதையும். சாலையை ஓடுபாதைக்கு அடியில் கொண்டுபோகும் யோசனையைப் பற்றி அடுத்த வாரம்.