கண்டியில் பிடித்த சாயம்

சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் என் பாட்டி வாழ்ந்த காலத்தில், சம்பளம் போட்ட மறுநாள் ஈப்போவிலிருந்து சைக்கிளில் ஜவுளி மூட்டை கட்டிக்கொண்டு வரும் வியாபாரியிடம் ஒரு சேலை வாங்கினால், அதை உடுத்துவதற்கு முன்பு ஓர் இரவு முழுவதும் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் புறப்படுமுன் அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே வியாபாரியின் யோக்கியதையைத் தீர்மானிப்பது அவளுடைய வழக்கம். தண்ணீர் இலேசாகச் சிவந்திருந்தால் பொறுத்துக்கொள்வாள். வாளி முழுவதும் சிவந்திருந்தால், அடுத்த மாதம் அந்த மனிதர் எங்கள் லயத்து வாசலில் மூட்டையை இறக்க முடியாது. பால் வெட்டும்போது சட்டையிலும் கைலியிலும் சிந்திக் கறுத்துப்போன ரப்பர்ப்பால் கறை எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போவதில்லை. காசு கொடுத்து ஆசையாய் வாங்கிய நிறமோ இரண்டு சலவையில் போய்விடுகிறது. வேண்டாதது நிலைப்பதும் வேண்டியது நிலையாமல் போவதும் ஏன் என்று அவள் கேட்காத நாள் கிடையாது.

இதே கேள்வியைத் தம் ஜீவிய காலத் தொழிலாகவே ஏற்றுக்கொண்ட ஓர் ஆங்கிலப் பெண்மணியைப் பற்றி எழுதவே இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். எதெல் மைரே என்ற பெயர் நம்மவர்களுக்குப் பரிச்சயமில்லாதது. ஆனால் இங்கிலாந்தில் கைத்தறி நெசவின் புனர்ஜன்மத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அவரோ முதன்முதலாக மணந்துகொண்டது ஒரு தமிழரை. கலை வரலாற்று அறிஞரான அந்த ஆனந்த குமாரசுவாமியை அறியாத தமிழ் வாசகர் அரிது. அவருடைய முதல் மனைவியை அறிந்தவர்தாம் அரிது.

எதெல் மேரி பார்ட்ரிட்ஜ் 1872-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெவன் பிரதேசத்தில் பார்ன்ஸ்டபிள் என்னும் ஊரில் ஒரு மருந்துக்கடைக்காரரின் மகளாகப் பிறந்தார். லண்டனில் சங்கீத சாஸ்திரம் கற்றுப் பியானோ போதிக்கும் தகுதி பெற்று, பிறர் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆசிரியையாக இருந்து, முப்பது வயதுவரை நூலையும் தறியையும் பற்றி விசேஷமாக எதுவும் அறியாதவராகவே இருந்தார். 1902-ஆம் ஆண்டு அவர் மணந்த குமாரசுவாமி 1877-இல் கொழும்பில் பிறந்தவர். கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்த பரம்பரையைச் சேர்ந்த ரப்பர் நாற்றுகள் நம் கோலகங்சாரில் நடப்பட்டதும் அந்த 1877-இல்தான் என்பதை, பேராக்கில் பிறந்த எனக்குக் குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை. ஆனந்தரின் தந்தை சர் முத்து குமாரசுவாமி, அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த இலங்கைத் தமிழர். இலங்கைத் தலைவர்களான பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் தாய்மாமன். தாய் ஆங்கிலேயர். ஆனந்தர் இரண்டு வயது நிறைவதற்குள் தந்தை காலமாகிவிட்டதால் இங்கிலாந்திலேயே வளர்ந்து, லண்டன் சர்வகலாசாலையில் பூகர்ப்ப சாஸ்திரம் பயின்றார்.

லம்பம் என்னும் ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் வசிக்கும் நமக்கு, மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று சர்க்காருக்குச் சொல்லும் உத்தியோகம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. 1903-ஆம் ஆண்டு குமாரசுவாமி அத்தகைய ஆராய்ச்சிப் பணிக்காக மனைவியுடன் இலங்கைக்குச் சென்று, தாதுப்பொருள் ஆராய்ச்சி இலாகாவின் தலைவரானார். கற்களைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்த அந்தத் தம்பதியர், கற்களைவிட அபூர்வமான வேறொன்று தம் கண்ணெதிரே அழிந்துகொண்டிருப்பதைக் கண்டார்கள். 1815-இல் கண்டி ராஜ்யம் வீழ்ந்ததிலிருந்து, அரசனுக்கும் ஆலயங்களுக்கும் ஊழியம் செய்து அதற்கு மானியமாக நிலத்தை அனுபவித்துவந்த சித்திரக்காரர், கன்னார், குயவர், நெசவாளர் முதலியோரின் பரம்பரைத் தொழில்கள் ஆதரிப்பாரற்று நலிந்தன. கிராமத்துப் பெண்கள் கையால் நூற்ற பருத்தி நூலில் நெய்த முரட்டுத் துணியைக் கப்பலில் வந்திறங்கிய ஆலைத்துணி விலையாலேயே தோற்கடித்துவிட்டது. கோலகங்சார் அரண்மனையின் ஆதரவில் வெல்வெட்டில் பொன்னிழை வேலை செய்த மலாய்ப் பெண்களின் தெக்காட் கலையைப் பார்த்தவர்கள், அரண்மனை இல்லாமற்போனால் அத்தகைய கைத்திறனுக்கு என்ன கதி நேரும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இதில் நான் வெகுவாக மதிப்பது எதெல் அம்மையார் நடந்துகொண்ட விதம். அக்காலத்தில் கிழக்கு நாடுகளுக்கு வந்த துரைசானிமார் பலர் சந்தையில் பூவேலைத் துணியை விலைக்கு வாங்கி, பெட்டியில் வைத்து ஊருக்கு எடுத்துப்போனதோடு திருப்தியடைந்தார்கள். இவரோ அந்தத் துணி எப்படி உண்டாகிறது என்று கேட்டார். புகைப்படக் கருவியைச் சுமந்துகொண்டு கிராமங்களுக்குச் சென்று, தொழில் செய்வோரையும் அவர்கள் கைகளையும் கருவிகளையும் படம்பிடித்தார். தையலின் வகைகளைத் தாமே போட்டுப் பார்த்துப் பழகினார். பழைய சிங்களப் பூவேலையைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். குமாரசுவாமி அந்நியப் பழக்கங்களைக் கண்மூடித்தனமாகப் பின்பற்றுவதைக் கண்டித்து இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கி, சுதேச உடையின் மேன்மையைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோது, அந்த உடையின் இழையையும் முடிச்சையும் விரலால் தொட்டு அறிந்தவர் அவர் வீட்டிலேயே இருந்தார்.

1907-இல் இங்கிலாந்து திரும்பிய இருவரும் பிராட் கேம்ப்டன் என்னும் சிற்றூரில், சிதைந்து கிடந்த ஒரு புராதன தேவாலயத்தைச் செப்பனிட்டு வீடாக்கிக்கொண்டார்கள். அந்த வீட்டிலேயே அச்சு இயந்திரம் ஒன்றும் இருந்தது. கைத்தொழிலின் மகத்துவத்தை ஆங்கிலேயருக்கு உணர்த்திய வில்லியம் மாரிஸ், சாஸரின் காவியங்களை அச்சிட்ட அதே இயந்திரம். அதில்தான் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற மகத்தான நூல் 425 பிரதிகள் மட்டும் அச்சாகி 1908-இல் முடிவுற்றது. முகப்பில் குமாரசுவாமியின் பெயர் இருக்கிறது. உள்ளே உள்ள புகைப்படங்களில் பல எதெல் எடுத்தவை. அந்தப் படங்களில் தலைகுனிந்து வேலை செய்கிற மனிதர்களில் எத்தனையோ பேருக்குப் பெயரே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. மாணவிக்குப் புகழும் ஆசிரியர்களுக்கு அநாமதேயமும் கிடைத்த சரித்திரம் இது. இதற்கு எதெல் அம்மையாரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது, அந்தக் காலமே அப்படித்தான் எழுதியது.

அந்தத் தாம்பத்தியம் நீடிக்கவில்லை. குமாரசுவாமி வேறு வாழ்க்கையை நாடிப் பிரிந்தார். எதெல் தனித்து நின்ற அந்த ஆண்டுகளில்தான், ஏறக்குறைய நாற்பது வயதில், ராட்டையும் தறியும் முறைப்படி அவர் கைக்கு வந்தன. 1913-இல் பிலிப் மைரே என்பவரை மணந்து அந்தப் பெயரைப் பெற்றார். 1916-இல் தாவரச் சாயங்களைப் பற்றி அவர் வெளியிட்ட சிறு புத்தகம், இன்றும் சாயமிடுவோர் கையில் புழங்குகிறது.

அந்தப் புத்தகத்தின் விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். என் பாட்டியின் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. வேரையோ இலையையோ பட்டையையோ கொதிக்கவைத்து அந்த நீரில் நூலை முக்கினால் நிறம் ஏறத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலான தாவர நிறங்கள் இழையோடு தாமாக உறவு கொள்வதில்லை. இழைக்கும் நிறத்துக்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைக்க ஓர் உப்பு வேண்டும். கம்பளியின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்து, அதில் கம்பளியை மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகவைத்த பிறகே சாயப் பானையில் இடுவது பழைய முறை. ஒரே வேரின் சாயம் படிகாரத்தோடு சேர்ந்தால் சிவப்பாகவும், அன்னபேதியோடு சேர்ந்தால் கறுத்த ஊதாவாகவும், வெள்ளீய உப்போடு சேர்ந்தால் நெருப்பைப்போன்ற பிரகாசத்துடனும் விளங்கும். லம்பத்து மணலை அலசி நம் முன்னோர் எடுத்த அந்த ஈயத்துக்கு, பால்டின்னையும் பித்தளைப் பாத்திரத்துப் பூச்சையும் தவிர, சிவப்பு நிறத்தைச் சிவப்பாகவே வைத்திருக்கும் குணமும் உண்டு என்பதை அறிந்தபோது நான் அடைந்த ஆச்சரியம் கொஞ்சமன்று.

அவுரி நீலமோ இந்த விதிகளுக்கெல்லாம் அப்பாற்பட்டது. தண்ணீரில் கரையாத அந்த நீலம், தொட்டியில் புளித்து உருமாறினால்தான் கரையும். தொட்டியிலிருந்து எடுத்த துணி மஞ்சளும் பச்சையுமாய் இருந்து, காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறும். தமிழகத்துச் சாயக்காரர்களுக்கு இவையெல்லாம் பாலபாடம். கடுக்காய் நீரில் துணியை ஊறவைத்து, படிகாரத்தால் கோலமிட்டு, சாயவேரில் காய்ச்சிச் சிவப்பாக்கிய சோழமண்டலக் கரையின் துணிகள் மலாக்காவுக்கும் அதற்கு அப்பாலும் கப்பலேறின. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் தோண்டும் உரிமையை டச்சுக்காரர்கள் தங்கள் கைக்குள்ளேயே வைத்திருந்தார்கள் என்றால் அந்த வேரின் மதிப்பை அறிந்துகொள்ளலாம். 1856-இல் பெர்க்கின் என்ற ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்ததும், 1897-இல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும், வேரையும் இலையையும் நம்பியிருந்த அந்த ஞானத்தை ஒரே தலைமுறையில் அநாதையாக்கிவிட்டன.

சஸெக்ஸ் பகுதியில் டிச்லிங் என்னும் கிராமத்தில் 1920-ஆம் ஆண்டளவில் அம்மையார் கட்டிய வீட்டுக்கு ‘காஸ்பல்ஸ்’ என்று பெயர். அது வீடாகவும் தறிக்கூடமாகவும் சாயப் பட்டறையாகவும் பாடசாலையாகவும் இருந்தது. எலிசபெத் பீக்காக், ஹிலரி போர்ன், பிற்காலத்தில் பீட்டர் காலிங்வுட் என்று ஆங்கில நெசவில் பெயர் பெற்ற பலர் அங்கே வேலை பழகியவர்கள். ஜப்பானியக் குயவர் ஹமாதாவும் ஆங்கிலக் குயவர் லீச்சும் அந்தக் கிராமத்துக்கு வந்து அவருடைய பணியைக் கண்டு சென்றார்கள். தறியில் சிக்கலான பின்னல்களைத் தேடாமல், எளிய நெசவில் இழையின் தடிப்பும் மென்மையும் நிறமும் தாமே பேசும்படி விட்டதுதான் அவருடைய துணியின் சிறப்பு. கையால் நூற்ற இழை ஒரே சீராக இராது; அந்தச் சீரின்மையைக் குற்றமென்று ஆலைக்காரர்கள் தள்ளியபோது அதையே அவர் அழகாக்கினார்.

1937-இல் தொழில் வடிவமைப்புக்கான ராஜாங்க விருதைப் பெற்ற முதல் பெண்மணி என்ற கௌரவம் அவருக்குக் கிடைத்தது. இயந்திரத்தை எதிர்த்தவருக்குத் தொழில்துறை விருதா என்று கேட்பவர்களுக்கு, 1939-இல் அவர் எழுதிய புத்தகம் விடை சொல்லும். கைத்தறிக்காரர் பழமையின் காவலாளியாக மட்டும் இருந்துவிடாமல், புதிய இழைகளையும் சேர்க்கைகளையும் பரீட்சித்து ஆலைக்கே வழிகாட்ட வேண்டும் என்பது அவருடைய முதிர்ந்த அபிப்பிராயம். இளமையில் கண்டியில் கற்ற பாடத்தை அவர் கைவிட்டார் என்று நான் கருதவில்லை. பொருளின் குணத்தை விரல் அறிய வேண்டும் என்ற அந்தப் பாடத்தையே ஆலைக்கும் எடுத்துச் சென்றார். 1952-இல் அவர் காலமானார். அவருடைய துணிகள் டிச்லிங் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சென்ற ஆண்டு பாட்டியின் தோட்டம் இருந்த பக்கம் போயிருந்தேன். ரப்பர் மரங்கள் இல்லை, செம்பனை நிற்கிறது. லயங்களையும் இடித்துவிட்டார்கள். அங்கிருந்து பெயர்ந்து பக்கத்துத் தாமானில் குடியிருக்கும், பாட்டியோடு ஒரே நிரையில் பால் வெட்டிய ஒரு முதியவளைப் பார்த்து, “புதுச் சேலையை ஏன் உப்பில் போடுவீர்கள், அத்தை?” என்று கேட்டேன்.

“உப்பு மட்டும் பத்தாது, தம்பி. உங்க பாட்டி அத மட்டும்தான் போடும், சொன்னா கேக்காது. படிகாரம் ஒரு துண்டு, கொட்டப்பாக்கு அளவுக்கு, வெந்நியில கரைச்சு ஊத்தணும். அப்பத்தான் சாயம் பிடிக்கும்.”

இதை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டதற்குத் தன் தாயின் பெயரைச் சொன்னாள். அவள் பெயரையும் அவள் தாயின் பெயரையும் என் நோட்டின் முதல் வரியில் எழுதிக்கொண்டு, அதன் கீழே படிகாரத்தின் அளவை எழுதினேன்.