கைகாட்டிக்கும் ஓர் அறை வேண்டும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ரயில் வரலாற்றைத் தேடினால் சின்னசேலத்துக்கும் போக வேண்டும். கல்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட சமவெளியில், விருத்தாசலத்தையும் சேலத்தையும் இணைக்கும் மீட்டர் கேஜ் பாதையைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1930-களின் தொடக்கத்தில் போட்டது. 2000-களில் அது அகலப் பாதையானது. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குச் சுமார் 16 கி.மீ. புதிய பாதை என்பது மக்களின் நெடுநாள் எதிர்பார்ப்பு. வரப்போகும் நிலையத்தைப் பற்றிப் பேசும்போதே, போய்விட்ட காலத்தின் சிக்னல் கேபினைப் பற்றியும் பேசிவிட வேண்டும். கிராமத்து ஸ்டேஷனின் மரபுச் செல்வத்தைப் பலர் ஓட்டுக் கூரையிலும் வளைவுகளிலும் தேடுகிறார்கள். எனக்கோ, ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிர் ரயில்களை மோதவிடாமல் காத்த ஏற்பாடுதான் பெரிதாகப் படுகிறது.

அந்தக் கால கேபினில் ஆளுயர இரும்பு லீவர்கள் வரிசையாக நிற்கும். சிவப்பு லீவர் சிக்னலுக்கு, கறுப்பு ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்டுக்கு, நீலம் பூட்டுக்கு. பாயிண்ட் சரியாகத் திரும்பிப் பூட்டப்படாதவரை சிவப்பு லீவர் அசையாது. வெட்டுவாய் போட்ட இரும்புப் பட்டைகள் ஒன்றையொன்று தடுத்து நிற்கும். மறதிக்கே இடமில்லை. சிக்னல் கம்பி அறுந்தாலும் எடைக்கட்டை இழுத்துக் கைகாட்டி, அதாவது சிக்னலின் கை, தானாகவே ‘நில்’ என்ற நிலைக்குத் திரும்பிவிடும். அடுத்த ஸ்டேஷன்வரை செல்ல டிரைவருக்கு ஓர் இரும்புப் பந்து டோக்கன் தேவை. பிரம்பு வளையத்தில் கோத்த பையில் போட்டுத் தருவார்கள். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரு ஸ்டேஷன் கருவிகளும் இன்னொன்றைத் தரா. கணினி இல்லாத காலத்தின் தர்க்கம் இது. இன்றைய எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங்கும் லீவர்களின் இதே பூட்டு விதிகளைத்தான் மின்னணுவில் செயல்படுத்துகிறது.

இந்தக் கருவிகளைக் காக்க வேண்டும் என்றால், புதியது பாதுகாப்பானது, பழையது எதற்கு என்பார்கள். ரயிலைப் பழைய முறையில் ஓட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நூறாண்டு ஆகாததெல்லாம் மரபா என்பது அடுத்த கேள்வி. 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம் நூறாண்டு வயதைக் கேட்பது உண்மைதான். 1856-இல் திறந்த ராயபுரம் நிலையம் போன்றவை அந்த வயதைத் தாண்டிவிட்டன. ஆனால் இரும்புச் சாமான்கள் அதுவரை காத்திருக்காது, பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு ஏலத்தில் போய்விடும். திருச்சியில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறதே என்றும் சொல்லலாம். அங்கே வைப்பது நல்லதே. ஆனால் பாயிண்டோடும் கைகாட்டியோடும் இணைந்திராத லீவர் வெறும் இரும்புத் தடிதான். ஒரு மாணவி அதை இழுத்து, அது ஏன் அசைய மறுக்கிறது என்று கேட்கும்போதுதான் அது பாடமாகும்.

எனவே தெற்கு ரயில்வேக்கு ஒரு வேண்டுகோள்: கள்ளக்குறிச்சி நிலையத்தில் ஓர் அறையும் வெளியே சில மீட்டர் தண்டவாளமும் ஒதுக்கி, ஒரு முழு லீவர் தொகுதியை இயங்கும் நிலையில் நிறுவுங்கள். அந்த லீவர்களை இழுத்த பாயிண்ட்ஸ்மேன்களும் டோக்கன் கொடுத்த ஸ்டேஷன் மாஸ்டர்களும் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.