மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் ஒரு முடிச்சு

தொடர்பே இல்லாத இரண்டு செய்திகளை இணைத்துப் பேசுகிறவரைப் பார்த்து, "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஆனால் உண்மையிலேயே தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகின்ற நோய் ஒன்று இருக்கிறது. அந்த முடிச்சு விழும் இடம் தலையும் அன்று, முழங்காலும் அன்று. அது சிறுகுடல்! முடிச்சுப் போடும் கயிறோ நாம் உண்ணும் கோதுமை! இதை நம்ப முடிகிறதா? மருத்துவர்களாலும் நெடுங்காலம் நம்ப முடியவில்லை.

முதலில் நோயைப் பார்ப்போம். இரண்டு முழங்கைகளின் வெளிப்புறத்தில் திடீரென்று எரிச்சல் தோன்றும். நெருப்புப் பொறி பட்டாற்போல் இருக்கும். சில மணி நேரத்தில் அங்கே சிறுசிறு சிவந்த தடிப்புகளும், கடுகளவான நீர்க்கொப்புளங்களும் கொத்தாகக் கிளம்பும். முழங்கால், பிட்டம், முதுகு, தலையின் மயிரடித் தோல் ஆகிய இடங்களிலும் வரும். வலப்புறம் வந்தால் இடப்புறமும் வரும். அரிப்போ சொல்லி மாளாது. இரவெல்லாம் சொறிந்து சொறிந்து, பொழுது விடியும்போது கொப்புளம் ஒன்றுகூட உடையாமல் இராது. மருத்துவரிடம் போய்க் காட்டும்போது அவர் காண்பதெல்லாம் நகக் கீறல்களும் பொருக்குகளுந்தான். "ஏதோ சிரங்கு" என்று களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். களிம்பு தீரும், அரிப்புத் தீராது. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு.

இந்நோயைத் தனியே பிரித்தறிந்து 1884ஆம் ஆண்டில் விவரித்தவர் லூயி டூரிங் என்பவர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துத் தோல் மருத்துவர். அவர் இதற்கு 'டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிபார்மிஸ்' என்று பெயரிட்டார். கொப்புளங்கள் கொத்தாக வருவதைக் கொண்டு வைத்த பெயர் இது. ஹெர்ப்பீஸ் என்னும் வைரஸ் நோய்க்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது தொற்று நோயும் அன்று. பெயரைக் கேட்டுவிட்டு நோயாளியை ஒதுக்கி வைப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். இத்தனை நீளப் பெயரை நாமும் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிராமல், 'டூரிங் நோய்' என்றே அழைப்போம். மருத்துவ நூல்களிலும் அந்தப் பெயர் உண்டு.

காரணம் தெரிவதற்கு முன்பே மருந்து கிடைத்துவிட்டது. 1940இல் சல்பா பிரிடின் என்னும் மருந்தும், 1950களில் டாப்சோன் என்னும் மருந்தும் இந்த அரிப்பை அடக்கக் கண்டார்கள். டாப்சோன் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். தொழுநோய்க்குக் கொடுக்கும் மருந்து அது. நம் செங்கற்பட்டில் ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் 1940களின் பிற்பகுதியில் தொழுநோயாளிகளுக்கு டாப்சோனைக் கொடுத்துப் பயன் கண்டார். தொழுநோயில் அது கிருமியை ஒடுக்குகிறது. டூரிங் நோயிலோ கிருமியே கிடையாது. இருந்தும், மாத்திரையை விழுங்கிய ஓரிரு நாளில் அரிப்பு நின்றுவிடும். மாத்திரையை நிறுத்தினால் மறுபடியும் ஓரிரு நாளில் வந்துவிடும். நோய் போகவில்லை, அதன் வாய் அடைக்கப்பட்டது, அவ்வளவுதான். வேர் வேறெங்கோ இருந்தது.

வேரைத் தேடிப் போகுமுன் நீங்கள் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். அம்மாவிடம் ஒரு கைப்பிடி கோதுமை மாவு கேட்டு வாங்குங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோலப் பிசைந்து அரைமணி நேரம் மூடி வையுங்கள். பிறகு ஒரு பாத்திரத்து நீரில் அந்த உருண்டையை அமிழ்த்தி, விரல்களால் மெல்லப் பிசைந்துகொண்டே இருங்கள். நீர் பால்போல் வெளுக்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றிப் பிசையுங்கள். நீர் தெளியும்வரை இப்படியே செய்தால், கையில் என்ன எஞ்சும்? பழுப்பு நிறமான, ரப்பரைப்போல் இழுபடும் ஒரு சவ்வு! பாலாகப் போனது மாச்சத்து. சவ்வாக நின்றது புரதம். இதற்குக் 'குளூட்டன்' என்று பெயர். இத்தாலியில் பொலோன்யா நகரத்துப் பேராசிரியர் பெக்காரி செய்து, 1745இல் வெளியான சோதனை இது. அவருக்கு முன்பே அல்வாக் கிண்டுவோர் இதை அறிவர். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்தெடுத்துச் சக்கையை ஒதுக்குகிறார்களே, அந்தச் சக்கையில்தான் குளூட்டனின் பெரும்பகுதி தங்குகிறது. இதே சோதனையை அரிசி மாவில் செய்யுங்கள். எல்லாம் கரைந்தோடிவிடும்; சவ்வு கிடைக்காது.

பரோட்டா மாவை வீசி விசிற முடிவதும், ரொட்டி உப்புவதும் இந்தச் சவ்வினால்தான். இத்தகைய பயனுள்ள பொருள் ஒருவருக்குத் தீங்கு செய்யும் என்று யார் நினைப்பார்கள்?

நினைத்தவர் ஒருவர் இருந்தார். நெதர்லாந்து நாட்டில் ஹேக் நகரத்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. 'சீலியாக்' என்னும் குடல்நோயால் வயிறு உப்பி, கைகால் மெலிந்து, ஓயாமல் வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தைகளை அவர் கவனித்து வந்தார். கோதுமை ரொட்டியின்மீது அவருக்கு 1930களிலேயே ஐயம் உண்டு. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டின் மேற்குப் பகுதியைக் கொடிய பஞ்சம் பிடித்தது. ரொட்டி கிடைக்கவில்லை. மக்கள் ட்யூலிப் பூச்செடியின் கிழங்கைக்கூடத் தின்றார்கள். ஊரே பட்டினியால் மெலிந்தபோது, இந்தக் குழந்தைகள் மோசமாகவில்லை; தேறினார்கள் என்பார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்ப வந்தது. போருக்குப் பின் டிக்கெ இதை முறையாக ஆராய்ந்தார். உணவை மாற்றி மாற்றிக் கொடுத்து அளந்து பார்த்து, குற்றவாளி கோதுமையே என்று 1950இல் தம் ஆய்வேட்டில் நிலைநாட்டினார். பிறகு, கோதுமையிலும் குளூட்டன்தான் என்பது தெளிவாயிற்று.

இது குடலின் கதை. தோலுக்கு எப்படி வந்தது?

1966இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜேனட் மார்க்ஸ், ஷுஸ்டர், வாட்சன் ஆகிய மூவரும் டூரிங் நோயாளிகளின் சிறுகுடலிலிருந்து மிகச் சிறிய துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தனர். நம் சிறுகுடலின் உட்புறம் வழவழப்பான குழாய் அன்று. பூத்துவாலையின் நூல்களைப்போல, ஒரு மில்லிமீட்டர் உயரங்கூட இல்லாத குடலுறிஞ்சிகள் அங்கே லட்சக்கணக்கில் நிற்கின்றன. செரித்த உணவை உறிஞ்சுவது அவைதாம். டூரிங் நோயாளிகள் பலருக்கு அந்த உறிஞ்சிகள் தேய்ந்து, துவாலை தரைவிரிப்பாகிவிட்டிருந்தது. சீலியாக் நோயில் காண்பதும் இதே காட்சிதான்! வியப்பு என்னவென்றால், இவர்களில் பெரும்பாலோர் வயிற்றைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. குடல் பழுதாகி ஊமையாக இருந்தது. அதன் குறையைத் தோல் கூவிச் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்படியானால் கோதுமையை நிறுத்தினால் தோல் ஆறுமா? லண்டனில் லயனல் ஃபிரை என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் இதைச் செய்து பார்த்து 1973இல் முடிவை வெளியிட்டனர். குளூட்டனை அறவே விலக்கியவர்களுக்குத் தோல் ஆறியது. மருந்தைக் குறைக்க முடிந்தது. சிலருக்கு நிறுத்தவும் முடிந்தது. பின்னர் மறுபடி கோதுமை கொடுத்தபோது அரிப்பும் மறுபடி வந்தது.

இதற்கிடையே 1969இல் நெதர்லாந்தில் வான் டெர் மேர் என்பவர் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. நாமாக இருந்தால் கொப்புளத்தை வெட்டியெடுத்துத்தானே ஆராய்வோம்? அவர் கொப்புளமே இல்லாத, பார்வைக்கு நல்ல தோலையும் ஆராய்ந்தார். எதிர்ப்பொருள்கள்மீது ஒட்டிக்கொண்டு புற ஊதாக்கதிரில் ஒளிரும் சாயம் ஒன்று உண்டு. அதைப் பூசி இருட்டறையில் நுண்ணோக்கியில் பார்த்தால், மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, உள்தோல் மேடுமேடாக எழும்பும் நுனிகளில் பச்சைப் புள்ளிகள் மின்னின! அங்கே படிந்திருந்தது ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்பொருள். குடல், மூச்சுப்பாதை போன்ற ஈரமான பரப்புகளைக் காவல் காப்பதே அதன் முதன்மையான வேலை. குடல் வாசலில் நிற்கவேண்டிய காவலாளிக்கு முழங்கைத் தோலில் என்ன வேலை?

இன்றும் நோயை உறுதிசெய்ய இச்சோதனையே சிறந்தது. கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோலிலிருந்து சிறு துண்டெடுக்கிறார்கள். கொப்புளத்திலோ அழற்சி நடக்கிறது. அந்த அமளியில் தடயம் அழிந்துபோகலாம்.

காவலாளி இடம் மாறிய கதை விளங்க மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. குளூட்டன் எளிதில் முழுமையாகச் செரிப்பதில்லை. அதன் சில துண்டுகள் குடற்சுவருக்குள் நுழையும்போது, அங்கிருக்கும் 'டிரான்ஸ்குளூட்டாமினேஸ்' என்னும் நொதி அவற்றின் அமைப்பைச் சற்றே மாற்றிவிடுகிறது. குறிப்பிட்ட மரபணு உள்ளவர்களின் உடலில், இந்த மாறிய துண்டு எதிரியாகத் தோன்றுகிறது. அதைத் தாக்கும்போது, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் நொதியையும் உடல் சேர்த்தே தாக்கத் தொடங்குகிறது. சீலியாக் நோயில் தாக்கப்படுவது இந்த நொதிதான் என்று 1997இல் ஜெர்மனியில் கண்டறிந்தனர். இந்த நொதிக்கு ஒரு தம்பி உண்டு. அதன் இருப்பிடம் மேல்தோல். டூரிங் நோயில் எதிர்ப்பொருள் பற்றிக்கொள்வது அந்தத் தம்பியை என்று 2002இல் தெரியவந்தது. அண்ணன்மேல் கொண்ட பகை, சாயல் ஒத்த தம்பியின்மேலும் பாய்ந்துவிட்டது! எதிர்ப்பொருள் படிந்த இடத்தை நோக்கி வெள்ளையணுக்கள் திரண்டு வந்து தம் நொதிகளைக் கொட்டுகின்றன. மேல்தோல் கீழ்த்தோலிலிருந்து பிரிகிறது. இடையில் நீர் கோக்கிறது. அதுவே கொப்புளம். டாப்சோன் அடக்குவது இந்த வெள்ளையணுக்களின் ஆட்டத்தைத்தான். குடலில் நடப்பதை அது தொடுவதே இல்லை.

மரபணு மட்டும் இருந்தால் நோய் வந்துவிடாது என்பதற்கு நம் நாடே சான்று. இந்தியாவின் மூன்று பகுதிகளில் சீலியாக் நோயைக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியாயிற்று. அந்த மரபணுக்கள் வடக்கிலும் தெற்கிலும் நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மேற்பட்டோரிடம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. நோய்க்குரிய எதிர்ப்பொருளோ வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடமும், தெற்கே 0.10 பேரிடமுமே காணப்பட்டது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரியாக 455 கிராம். தெற்கே 25 கிராம். நாம் தப்பித்தது சோற்றினால் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் காலைக்கு ரவை உப்புமா, மாலைக்கு பிஸ்கட், இரவுக்கு பரோட்டா என்று நம் இலையும் மாறிக்கொண்டுதான் வருகிறது.

நோய் உறுதியானவர் கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றையும் வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டும். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை எல்லாம் உண்ணலாம். நம் ஊர் அடுப்படிக்கு இது எளிது என்று தோன்றும். மறைந்திருக்கும் கோதுமைதான் தொல்லை. ரவை, மைதா, சேமியா யாவும் கோதுமையே. மால்ட் பானங்களில் இருப்பது பார்லி. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருப்பதுண்டு. ரசத்தில் ஒரு சிட்டிகை போட்டால் போதும், கோதுமை உள்ளே போய்விடும்! கோதுமை அரைத்த மில்லில் அடுத்ததாகக் கேழ்வரகை அரைத்தாலும் கலந்துவிடும். பொறுமையும் வேண்டும். டாப்சோனைப்போல் உணவு மாற்றம் ஓரிரு நாளில் பலன் தராது. தோலில் படிந்த ஐ.ஜி.ஏ. கரைய நெடுங்காலம் ஆகும். ஆகவே அரிப்பு அடங்கப் பல மாதங்கள், சிலருக்கு இரண்டாண்டுகள்கூட ஆகலாம். அதுவரை டாப்சோன் துணை நிற்கும். அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியதாகையால், இரத்தம் சோதிக்காமல் அதை விழுங்கக் கூடாது.

இதைப் படித்ததும் உங்கள் கையிலுள்ள சொறியைப் பார்த்து அஞ்சிவிடாதீர்கள்! நம் பள்ளிகளிலும் விடுதிகளிலும் அரிப்பு என்றால் அது பெரும்பாலும் சிரங்காகவே இருக்கும். அது ஒரு சிறு உண்ணியினத்தால் வருவது; விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொடங்கும்; வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் பரவும்; சில நாள் மருத்துவத்தில் போய்விடும். முழங்கையின் வெளிப்புறத்தில், இரு பக்கமும் ஒத்து, பக்கத்தில் படுப்பவருக்குத் தொற்றாமல், எந்தக் களிம்புக்கும் அடங்காமல் மாதக்கணக்கில் வந்து வந்து போகும் அரிப்பானால், தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். போகும்வரை எதை உண்டு வந்தீர்களோ அதையே உண்ணுங்கள். சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் தேறி, நோய் இருந்தும் இல்லாததுபோல் சோதனை காட்டிவிடக்கூடும்.