உட்காரவும் முடியாத வலி

சென்ற கோடையில் என் கிளினிக்குக்கு நம் தமிழ்ப் பெண்மணி ஒருவர் வந்தார். நாற்காலியில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்தபடி நின்றார். ஐந்து நாள் வலி. மூன்றாம் நாளே வேறொரு டாக்டரிடம் போயிருக்கிறார். இந்தி வராததால் துணைக்குப் பன்னிரண்டு வயது மகனை அழைத்துப் போனாராம். பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? "தொடையில் வலி" என்று சொல்லி, மாத்திரையோடு திரும்பிவிட்டார். வீட்டில் சூட்டுக் கட்டி என்று நினைத்து மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார்.

அது சூட்டினால் வந்ததல்ல. பார்த்தோலின் சுரப்பியில் உண்டான சீழ்க்கட்டி.

பிறப்புறுப்பின் வாயிலில் இரு பக்கமும் பட்டாணி அளவில் இரண்டு சுரப்பிகள் உள்ளன. 17ஆம் நூற்றாண்டில் இவற்றை விவரித்த டென்மார்க் உடற்கூறு அறிஞர் காஸ்பர் பார்த்தோலின் பெயரால் அழைக்கப்படுகின்றன. இவை சுரக்கும் திரவம் சுமார் 2.5 செ.மீ. நீளமுள்ள மெல்லிய குழாய் வழியே வந்து அவ்விடத்தை ஈரமாக வைக்கிறது. குழாயின் வாய் அடைபட்டால் திரவம் தேங்கி நீர்க்கட்டியாகும். அது சிறிதாக இருக்கும்வரை பெரும்பாலும் வலிக்காது. அங்கே பாக்டீரியா பெருகினால்தான் சீழ் பிடித்து, வீங்கி, நடக்கவும் முடியாமல் வலிக்கும். நூறு பெண்களில் சுமார் இரண்டு பேருக்கு வாழ்நாளில் என்றாவது இந்தக் கட்டி வருகிறது.

"என் வீட்டுக்காரர் தப்பாக நினைப்பாரே டாக்டர்?" என்பதுதான் அந்தப் பெண்மணியின் முதல் கேள்வி. சகோதரிகளே, இதற்குப் பெரும்பாலும் காரணம் நம் குடலிலேயே வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. தோலில் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் போன்றவையும் காரணமாகலாம். பல வகைகள் சேர்ந்தும் தாக்கும். உடலுறவால் பரவும் கொனோரியா, கிளமிடியா கிருமிகள் சிலரிடம் மட்டுமே காணப்படுகின்றன. தேவையானால் டாக்டர் அதற்கும் சோதனை செய்வார். கட்டி வந்ததாலேயே யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டாம்.

வீக்கம் சிறிதாக இருந்தால், பொறுக்கும் சூடுள்ள வெந்நீரை அகலமான டப்பில் ஊற்றி, தினம் மூன்று நான்கு முறை பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் தானே உடையலாம். கையால் பிதுக்கக் கூடாது. பற்றும் வேண்டாம். சீழ் கட்டிவிட்டால் மாத்திரை மட்டும் போதாது. மரத்துப்போக ஊசி போட்டு, கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும். மீண்டும் அடைபடாமலிருக்கச் சில வாரங்கள் சிறு குழாய் வைப்பதுண்டு. காய்ச்சல் இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். நாற்பது வயதுக்கு மேல் புதிதாகக் கட்டி வந்தால், புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய சதைப் பரிசோதனை அவசியம்.

அந்தப் பெண்மணி மறுவாரம் வந்து, நாற்காலியில் நன்றாகவே உட்கார்ந்து பேசினார். பாஷை தெரியாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவையோ தோழியையோ அழைத்துப் போங்கள். கட்டி இருக்கும் இடத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினாலும் போதும். பிள்ளை வீட்டில் இருக்கட்டும்.