கூரைக்கு ஏறும் ஏ.சி.

அமெரிக்கப் புறநகர்களின் ஒற்றைத்தளக் கடைகள், பள்ளிகள், உணவகங்களின் தட்டைக் கூரைகளில் சாம்பல் நிறத் தகடு போர்த்திய பெரிய பெட்டிகள் இருக்கும். கோடையில் குளிர்காற்றையும் பனிக்காலத்தில் வெப்பக்காற்றையும் கட்டடத்துக்குள் அனுப்புபவை இவைதாம். 'ரூஃப்டாப் யூனிட்' என்பது தொழிலில் வழங்கும் பெயர். ஸ்ப்ளிட் ஏ.சி.யில் வீட்டுக்கு உள்ளும் வெளியுமாகப் பிரிந்து கிடக்கும் கம்ப்ரஸர், கண்டென்சர், குளிர்ச்சுருள், ப்ளோயர் எல்லாம் இதில் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. பெரும்பாலானவற்றில் எரிவாயு பர்னரும் உண்டு. குளிர்பதன வாயு தொழிற்சாலையிலேயே நிரப்பப்பட்டு வருவதால், கூரையில் செப்புக்குழாய்களைப் பற்றவைக்கும் வேலை இல்லை. இது பெரிய வசதி. ஆனால் வாங்கி வைத்தால் ஓடிவிடும் என்ற எண்ணமும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

முதல் வேலை கணக்கு. யூனிட்டின் திறனை 'டன்' கொண்டு அளக்கிறார்கள். 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகம் ஒரு டன், ஏறத்தாழ 3.5 கிலோவாட். கட்டடத்தின் சன்னல்கள், கூரையின் காப்பு, விளக்குகள், வந்துபோகும் கூட்டம் ஆகியவற்றைக் கணக்கிட்டுத்தான் எத்தனை டன் தேவை என்று முடிவு செய்யவேண்டும். 'கொஞ்சம் பெரியதாகவே போட்டுவிடலாம்' என்பது தவறான தாராளம். தேவைக்கு மிஞ்சிய யூனிட் அறையைச் சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் இருக்காது. ஹூஸ்டன் போன்ற புழுக்கமான ஊர்களில் இது குளிரும் பிசுபிசுப்புமாக முடியும்.

அடுத்தது கூரை தாங்குமா என்பது. இத்தகைய கட்டடங்களில் கான்கிரீட் தளம் இருப்பதில்லை. எஃகுச் சட்டங்களின்மேல் நெளிதகடு, அதன்மேல் வெப்பக்காப்புப் பலகை, எல்லாவற்றுக்கும் மேல் நீர்புகா விரிப்பு, அவ்வளவுதான். 10 டன் திறனுள்ள ஒரு யூனிட் அரை டன்னுக்கு நெருக்கமான எடை கொண்டது. பனி பொழியும் ஊர்களில் கூரை ஏற்கெனவே அந்தச் சுமைக்கும் கணக்கு வைத்திருக்கவேண்டும். கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து, தேவையானால் கீழே சட்டங்களை வலுப்படுத்திய பிறகே வேலை தொடங்கும்.

யூனிட் கூரைமேல் நேரடியாக உட்காருவதில்லை. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புவதுபோல, ஜி.ஐ. தகட்டால் ஆன சதுரச் சட்டம் ஒன்று முதலில் நிறுத்தப்படுகிறது. இதற்குக் 'கர்ப்' என்று பெயர். உயரம் வழக்கமாக 14 அங்குலம். கூரையின் நீர்புகா விரிப்பை இதன் பக்கங்களில் மேலேற்றி ஒட்டுவதால் தேங்கும் மழைநீர் உள்ளே இறங்காது. காற்றுப் போகவும் திரும்பவுமான டக்ட்கள் இந்தச் சட்டத்துக்குள்ளேயே கூரையைத் துளைத்து இறங்குகின்றன. கர்ப்பின் விளிம்பில் ஒட்டும் கேஸ்கெட்டில் இடைவெளி விட்டால், காசு கொடுத்துக் குளிர்வித்த காற்று அங்கே கசிந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து அது தெரியவே தெரியாது.

பழைய யூனிட்டை மாற்றும்போது புதியதன் துளைகள் பழைய கர்ப்புடன் பொருந்தாவிட்டால் இடையில் ஓர் இணைப்புச் சட்டம் செய்து வைக்கிறார்கள். அது காற்றுக்குக் கூடுதல் தடை. பழைய யூனிட்டின் வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம்; உரிமம் பெற்றவர்கள் அதை உருளையில் உறிஞ்சி எடுக்கவேண்டும்.

கிரேன் பெரும்பாலும் கடை திறப்பதற்கு முன் அதிகாலையில் வரும். தூக்கும் பாதைக்குக் கீழே ஆள் இருக்கக் கூடாது. ஸ்லிங் கயிறுகள் பெட்டியின் தகட்டை நெரிக்காமல் இருக்க மேலே குறுக்குத்தண்டு வைத்து அகட்டுகிறார்கள். கிரேன் எட்டாத பரந்த கூரைகளுக்கு ஹெலிகாப்டர் வருவதும் உண்டு. கர்ப்பில் இறக்கியதும் ரசமட்டம் வைத்துப் பார்க்கவேண்டும். சரிவு தவறினால் குளிர்ச்சுருளில் படிந்து சொட்டும் நீர் வடிகுழாய்ப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் சேர்ந்து, டக்ட் வழியாகக் கடையின் உட்கூரையை நனைக்கும்.

வடிகுழாயில் ஒரு நுட்பம் இருக்கிறது. பல யூனிட்களில் ப்ளோயர் குளிர்ச்சுருளுக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்கிறது. அதனால் நீர்த்தட்டு இருக்கும் பகுதியில் அழுத்தம் வெளியைவிடக் குறைவு. குழாயை நேராக விட்டால் வெளிக்காற்று அதன் வழியே உள்ளே பாய்ந்து நீரை வெளியேறவிடாமல் நிறுத்திவைக்கும். தட்டு நிரம்பி வழியும். ஆகவே குழாயை வளைத்து, எப்போதும் நீர் நிற்கும் 'ட்ராப்' அமைக்கிறார்கள். அதில் நிற்கும் நீரின் உயரம் உள்ளே இழுக்கும் அழுத்தத்தை மிஞ்சவேண்டும். அந்த அழுத்தத்தையே நீர்மட்ட அங்குலத்தில் அளப்பதால், எவ்வளவு ஆழம் என்பதை அளவுகோலாலேயே முடிவு செய்துவிடலாம். இந்த எளிய குழாயை அலட்சியப்படுத்துவது சிறிய தவறல்ல.

எரிவாயுக் குழாயில் அடைப்பு வால்வும், துருவும் தூசியும் விழுந்து தங்க ஒரு கீழ்நீட்டமும் வேண்டும். இணைப்புகளைச் சோப்புநீர் தடவிச் சோதிக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரில் காற்று மெலிவு. பர்னருக்குச் செல்லும் எரிவாயுவையும் அதற்கேற்பக் குறைக்கவேண்டும். வெளிக்காற்றை உள்ளிழுக்கும் வாய், புகை வெளியேறும் இடங்களிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி இருக்கவேண்டும்.

மும்முனை மின்சாரத்தை இணைக்கும்போது கம்பிகளின் வரிசை முக்கியம். வரிசை மாறினால் ஸ்க்ரோல் கம்ப்ரஸர் எதிர்த்திசையில் சுழன்று, இரைச்சல் போடுமே தவிர அழுத்தாது. ப்ளோயர் விஷயம் இன்னும் மோசம்: எதிர்த்திசையில் சுழன்றாலும் அது ஓரளவு காற்றை வெளியே தள்ளும், அதனால் 'ஓடுகிறதே' என்று விட்டுவிட வாய்ப்புண்டு. எந்த இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டாலும் திசை சரியாகிவிடும். கம்ப்ரஸரின் அடியில் ஹீட்டர் இருந்தால், இயக்குவதற்கு 24 மணி நேரம் முன்பே மின்சாரம் கொடுத்து வைக்கிறார்கள்; எண்ணெயில் கரைந்த வாயு பிரிந்துவிட வேண்டும்.

ஓடத் தொடங்கிய பின் டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று வருகிறதா, வாயுவின் அழுத்தமும் வெப்பநிலையும் சரியா என்று அளந்து குறிக்கிறார்கள். வெளியே குளிர்ந்திருக்கும் நாளில் கம்ப்ரஸரை ஓட்டாமல் வெளிக்காற்றையே உள்ளே விடும் 'எகனாமைசர்' கதவும் அன்றே சோதிக்கப்படவேண்டும். கதவு இறுகி நின்றுபோனால் குறை வெளியே தெரியாது, மின்கட்டணம் மட்டும் ஏறும்.

புதிய யூனிட்களில் வாயுவும் மாறிவிட்டது. பழைய யூனிட்களில் இருந்த ஆர்-22 வாயுவின் உற்பத்தியும் இறக்குமதியும் அமெரிக்காவில் 2020 தொடக்கத்தோடு நின்றன. அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ, கார்பன் டைஆக்சைடைப் போல 2,088 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. இப்போது வரும் ஆர்-454பி-க்கு அந்த எண் 466. ஆனால் இது மெல்லத் தீப்பற்றும் வகை. அதனால் யூனிட்டுக்குள் கசிவை உணரும் கருவி வைக்கப்படுகிறது. உணர்ந்ததும் ப்ளோயர் ஓடி வாயுவைக் கலைத்துவிடும்.

பராமரிப்புக்கு ஆள் அடிக்கடி கூரை ஏறவேண்டும். அதனால் மின்விதி 25 அடிக்குள் ஒரு பிளக் வசதியைக் கேட்கிறது. யூனிட் கூரையின் விளிம்பிலிருந்து 10 அடிக்குள் இருந்தால் அங்கே தடுப்புக் கம்பியும் கட்டாயம்.